நாயோடு வன்னியில் கூடாரம்: எங்கே போகலாம், எங்கே வேண்டாம்

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சீசர் என்ற நாலு வயது லாப்ரடோர் கலப்பு நாய். சித்திரை விடுமுறையில் வன்னியில் கூடாரம் அடித்துச் சில நாள் தங்க விரும்புகிறார்கள். சீசரைக் கூடாரத்தில் கட்டிவிட்டு ஊர் சுற்ற அவர்களுக்கு மனமில்லை. அதையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இடங்கள் எவை, சாப்பாட்டுக்கு எங்கே நிற்கலாம், கோயில்களில் என்ன செய்வது, பஸ்ஸில் நாயை ஏற்றுவார்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் நெடுங்காலம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை பார்த்தேன். மாட்டுக்காகப் போன வளவுகளில் முதலில் எதிர்கொண்டவை நாய்கள்தான் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பதில் நீளும்.

‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ என்று பலகை தொங்கும் இடத்தை வன்னியில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ‘அனுமதி இல்லை’ என்ற பலகையும் அரிது. நாய் இல்லாத வளவு இங்கே குறைவு. குளக்கட்டு, மீன்வாடி, சந்திக்கடை என்று எங்கு பார்த்தாலும் ஒன்று படுத்திருக்கும். ஆனால் அவை எல்லாம் அந்தந்த இடத்து நாய்கள். வெளியூர் வாகனத்திலிருந்து ஒரு நாய் இறங்கினால் ஊரார் மனதில் முதலில் எழுவது ‘இது கடிக்குமா’ என்பதல்ல, ‘வேட்டைக்கு வந்திருக்கிறார்களோ’ என்பதுதான். உடும்புக்கும் முயலுக்கும் பன்றிக்கும் நாய் கொண்டு போவது வன்னியில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். இன்று அது பெரும்பாலும் சட்டப்படி குற்றம். ஆனாலும் முற்றாக நின்றுவிடவில்லை. ஆகவே ஆளும் நாயுமாகக் காட்டோரத்தில் நின்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். லாப்ரடோரைப் பார்த்து யார் அப்படி நினைப்பார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் எல்லா நாயும் ஒன்றுதான்.

எனவே காட்டுக்குள் கூடாரம் அடிக்கும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவருடைய வளவில், அல்லது தோட்டக்காணியில் அனுமதி கேட்டு அடியுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் ‘யாரோ’ அல்ல, ‘இன்னாருடைய வீட்டுக்கு வந்த ஆட்கள்’. உங்கள் நாயும் அந்த வீட்டுக்கு வந்த நாய். அதற்குப் பிறகு குளக்கட்டில் நடக்கலாமா, எந்த வாய்க்காலில் நாயைக் குளிப்பாட்டலாம், எந்தப் பக்கம் நேற்று யானை இறங்கியது என்பதெல்லாம் கேளாமலே உங்கள் காதுக்கு வரும். வன்னியில் நாய்க்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். இணையத்தில் இடங்களின் பட்டியலைத் தேடுவதை விட ஊரில் ஓர் ஆளைத் தேடுங்கள். உறவோ அறிமுகமோ இல்லாவிட்டால் கிராம அலுவலரிடமோ, ஊர் கமக்காரர் அமைப்பிலோ, கடற்கரையானால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்கலாம். குடும்பமாக வருகிறீர்கள் என்றால் பெரும்பாலும் யாராவது கைகாட்டிவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு விலங்குகளைக் கொண்டுபோக முடியாது. வாகனத்துக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வைத்திருப்போம் என்பதும் செல்லாது. தெற்கே வில்பத்து மட்டுமல்ல, 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளமும் மடு வீதியும் இதில் அடங்கும். கொக்கிளாய், கட்டுக்கரைக் குளம், வங்காலை ஆகியவை சரணாலயங்கள். அங்கே ஊர்கள் உண்டு, ஊர் நாய்களும் உண்டு. ஆனால் பூநாரையும் கொக்குகளும் இரை தேடும் சேற்றுக்கரையில் ஒரு வேட்டை இரத்தமுள்ள நாயை இறக்கிவிடுவது அநியாயம். அவற்றை நாய் இல்லாத இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கக்காடுகள் வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதில் ஊருக்கும் திணைக்களத்துக்கும் இடையே பல இடங்களில் இழுபறி நடக்கிறது. அதற்கு நடுவில் நீங்கள் கூடாரத்தோடு போய் நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல முடியாது. மிதிவெடி. அகற்றப்பட்ட நிலம் அதிகம் என்றாலும் வேலை இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கம் ஏ9 வீதியில் போகும்போதே மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்க்கலாம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதற்கு முன்பிருந்தே ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கி வருகின்றன. பலகையை நீங்கள் வாசிப்பீர்கள், சீசர் வாசிக்காது. ஒரு முயலைக் கண்டு அது பற்றைக்குள் பாய்ந்தால் அதன் பின்னால் பாயப்போவது உங்கள் பிள்ளை. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதை, உழுத வயல், குடியிருக்கும் வளவு, கட்டு, கடற்கரை இவற்றுக்கு வெளியே கால் வைக்க வேண்டாம். நாயின் பட்டி உங்கள் கையை விட்டு ஒரு நிமிடமும் போகக்கூடாது. நகரப் பூங்காவில் ‘அவிழ்த்துவிட்டால் ஓடி விளையாடும்’ என்கிறோமே, அந்த விளையாட்டு வன்னியில் நாலு பக்கமும் வேலியடைத்த வளவுக்குள் மட்டும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் வெடியும் கூடக் காட்டோரத் தோட்டங்களில் கிடக்கலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு இரட்டிப்பாகத் தேவை.

வளவு பிடிபட்டதும் தொலைபேசியில் கேட்க வேண்டியவை சில உண்டு. வீட்டில் எத்தனை நாய், அவை கட்டியிருப்பவையா திரிபவையா? கோழி அடைத்து வளர்க்கிறார்களா, விட்டு வளர்க்கிறார்களா? ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி உண்டா? உங்கள் நாய் கோழியைத் துரத்துமா என்று அவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நகரத்து நாய்களில் கோழியைக் கண்டு சும்மா இருப்பது நூற்றில் ஒன்றுதான். ‘ஐயா, கட்டித்தான் வைத்திருப்போம், ஏதும் நடந்தால் நாங்கள் பொறுப்பு’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. முஸ்லிம் வீடுகளில் கேட்பதானால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் கழுவிச் சுத்தம் செய்த பின்பே தொழ வேண்டும். வீட்டுக்காரர் மறுக்கக் கூச்சப்படலாம். நீங்களே தூரமாக ஒரு மூலையைக் கேட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

போய் இறங்கும் நேரம்தான் முக்கியம். வன்னி வளவுகளில் நாய் படலையடியில் காவல் நிற்கும். நீங்கள் நேரே வாகனத்தைப் படலைக்குள் விட்டு, கதவைத் திறந்து, சீசர் குதித்து இறங்கினால் பத்து விநாடிக்குள் சண்டை. அப்படிச் செய்யாமல் ஐம்பது யார் தூரம் தள்ளி வாகனத்தை நிறுத்துங்கள். வீட்டுக்காரரைத் தம் நாயோடு தெருவுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்தாமல், தெருவின் இரு ஓரத்திலும் ஒரே திசையில் நடத்துங்கள். ஊர் நாயின் வால் முதலில் விறைத்து மேலே நிற்கும், முதுகு மயிர் சிலிர்க்கும். கொஞ்சத் தூரம் போனதும் அது நின்று வேலிக் கதியாலில் மூத்திரம் பெய்யும். உங்கள் நாயை அந்த இடத்தை மணக்க விடுங்கள். அது மணந்து முடித்துத் தானும் பெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஊர் நாய் முன்னே போக, உங்கள் நாய் பின்னால் படலைக்குள் நுழையட்டும்.

தெருவில் வேறு நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், சீசரைத் தூக்கவும் முயலாதீர்கள். கல்லெடுப்பதுபோல் குனிந்தாலே போதும். வன்னியில் அந்தக் குனிதலின் பொருள் தெரியாத நாய் இல்லை. ‘அடிக்!’ என்று ஓர் அதட்டலும் சேர்ந்தால் பின்வாங்கிவிடும். கல்லை உண்மையில் எறிய வேண்டியதில்லை. எறிந்தால் நாய்க்காரர் வந்துவிடுவார்.

இனி இடங்கள். என் விருப்பத்தைக் கேட்டால் இரணைமடுவின் கீழ்ப்பகுதி: வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கம். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு நீர் கொண்டுவருகிறது. குளக்கட்டில் காலையிலும் பின்னேரத்திலும் ஊரார் நடப்பார்கள். நாயைக் குறுகிய பட்டியில் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ‘இது என்ன சாதி’ என்று நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள், அவ்வளவுதான். கட்டருகில் கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது. பூசை நேரத்தில் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கமாக நடங்கள்.

ஆனால் குளத்தில் நாயை நீந்த விடாதீர்கள். இது லாப்ரடோர் வைத்திருப்பவர்களுக்குக் கசக்கும். தண்ணீரைக் கண்டால் அந்த இனத்துக்கு நிலைகொள்ளாது. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. பகலில் மரக்கட்டைபோல் கரையில் கிடப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். தண்ணீருக்கடியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. மாடு குளிக்கும் துறையில் உள்ளூர் நாய்கள் கணுக்கால் ஆழத்தில் நின்று நக்கிக் குடித்துவிட்டு உடனே திரும்புவதைக் கவனியுங்கள். அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு அருகிலும், மிகை நீர் வெளியேறும் வான் பாயும் இடத்திலும் இழுப்பு மோசமானது. சீசர் குளிக்க வேண்டுமானால் வயலுக்குப் போகும் கிளை வாய்க்கால்கள் போதும். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருந்தால் சித்திரையிலும் ஓடும். முழங்கால் ஆழம், அடி மணல் தெரியும் தெளிவு, இரு கரையும் வெட்டவெளி: இந்த மூன்றும் உள்ள இடமாகப் பாருங்கள். அப்போதும் வீட்டுக்காரரிடம் ‘இதில் முதலை ஏறுவதுண்டா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சோப்பை வாய்க்காலில் போடாதீர்கள். கீழே ஆட்கள் குளிப்பார்கள். கிணற்றடியில் நாயைக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். வாளியில் அள்ளிக்கொண்டு தென்னையடிக்குப் போங்கள், தென்னைக்கும் ஆயிற்று.

அறுவடை முடிந்த வயல் நாய் நடைக்கு மிக நல்லது. வெட்டவெளி, பாம்பையும் மாட்டையும் தூரத்திலேயே காணலாம். காலபோக அறுவடை பெரும்பாலும் மாசி, பங்குனியில் முடிந்துவிடும். சித்திரையில் வந்தால் சில வயல்கள் மறுபடி உழுதிருக்கும். மருந்தடித்த வயலா என்று கேட்காமல் இறங்க வேண்டாம். தெருவோரத்தில் நெல் உலரவிட்டிருந்தால் நாயை மறுகரைக்கு இழுத்துக்கொள்ளுங்கள். காய்கிற நெல்லில் நாய் நடப்பதும், அதைவிட மோசமானதைச் செய்வதும் எந்தக் கமக்காரரையும் கொதிக்க வைக்கும். கொதிப்பதில் நியாயமும் இருக்கிறது.

இரண்டாவது, முல்லைத்தீவுக் கடற்கரை. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக ஏ34 வீதியில் சுமார் 50 கிலோமீற்றர். பட்டினத்துக்குத் தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று நீளும் கரையில் மணல் அகலமானது. சித்திரையில் இந்தப் பக்கக் கடல் மாரிகாலத்தைப் போல் கொந்தளிக்காது. காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். எட்டரைக்குப் பிறகு மணல் நாயின் பாதத்தைச் சுடும். உங்கள் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்க முடியாது. தார் வீதிக்கும் இதே கணக்குத்தான்.

கடற்கரையில் கரைவலை இழுக்கும் இடத்தை விட்டு நன்றாக ஒதுங்கி நில்லுங்கள். விரித்திருக்கும் வலையில் நாயின் நகம் மாட்டினால் அது உதறும், வலை கிழியும், கிழிந்த வலைக்கு ஒருவருடைய ஒருநாள் உழைப்புப் போகும். கருவாடு காயவைத்த தட்டிகளையும் பாருங்கள். இவற்றை விட ஆபத்தானது வலை இழுத்த பின் மணலில் எறிந்துவிட்டுப் போகும் கழிவு மீன். அதில் பேத்தை இருக்கும். வயிறு ஊதி முள்முள்ளாகக் கிடக்கும் அந்த மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. நாய் அதைக் கடித்து விழுங்கினால் வாந்தி, தள்ளாட்டம், பின்னர் மூச்சுத்திணறல் என்று விரைவாக முற்றும். கெளிற்று மீனின் முள், திருக்கை வால், சொறிமுட்டை என்று மற்றவையும் உண்டு. கடற்கரையில் சீசர் மணலை மணந்தபடி தலையைத் தாழ்த்தினால் ஒவ்வொரு தடவையும் என்ன என்று பாருங்கள். வாயில் எதையாவது கவ்விவிட்டால் பறிக்கப் போராடாமல் அதற்குப் பிடித்த ஒன்றைக் காட்டி விடவைக்கும் பழக்கத்தை இப்போதே, கொழும்பிலேயே பழக்கிவையுங்கள். வன்னிக்கு வந்து பழக்க முடியாது.

வவுனிக்குளக் கட்டும் அழகானது. மல்லாவிப் பக்கம் தங்கினால் காலையில் போய் வரலாம். முத்தையன்கட்டும் தண்ணிமுறிப்பும் இன்னும் அழகு, ஆனால் காடு சூழ்ந்தவை. பகல் நடுவில் வாகனத்தில் போய், குளக்கட்டின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, வெயில் சாய்வதற்கு முன் திரும்புங்கள். அங்கே கூடாரம் என்ற பேச்சே வேண்டாம்.

கோயில்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து போகும் வாகனம் நிற்காமல் போவதில்லை, நீங்களும் நிற்பீர்கள். தேங்காய் உடைக்கும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகாமல், ஒருவர் எதிர்ப்பக்க நிழலில் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் மாறி மாறிக் கும்பிடலாம். கச்சான் வாங்கும் இடத்தில் குரங்குகள் உண்டு என்பதால் பட்டியை இறுக்கிப் பிடியுங்கள். வைரவருக்கு வாகனம் நாய்தான். மரத்தடியில் சூலம் நட்டு வைரவர் இருக்காத வன்னிக் கிராமம் அரிது. ஆனாலும் உயிருள்ள நாய்க்குக் கோயில் வீதிக்கு வெளியேதான் இடம். வற்றாப்பளை, ஒட்டுசுட்டான் கோயில்களிலும் இதே முறைதான். மடுவில் வளாகம் பெரியது. கூடாரம் அடித்துத் தங்குவதை வன்னிக்குக் கற்றுக்கொடுத்ததே மடுத் திருவிழாதான் என்பேன்; ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக மரநிழலில் கூடாரம் போடுவார்கள். சித்திரையில் கூட்டம் இராது. வெளிமரங்களின் கீழ் நாயோடு சற்று இளைப்பாறலாமா என்று அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். சுற்றியுள்ளது யானைக் காடு, மாலைக்குமுன் வெளியேறிவிட வேண்டும்.

முள்ளிவாய்க்கால் நினைவிடத்துக்கும் துயிலுமில்லங்களுக்கும் நாயைக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்ட விரும்பினால் ஒருவர் நாயோடு தூரத்தில் தங்கிக்கொள்ளுங்கள். அங்கே வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முட்கம்பி போட்ட இராணுவ முகாம் வேலிகளின் ஓரமாக நாய் நடத்துவதும் வேண்டாம்.

மன்னார்த் தீவைக் கறாராகப் பார்த்தால் வன்னி என்று சொல்லமாட்டார்கள். போவதானால் ஒரு வார்த்தை: பட்டினத் தெருக்களில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரியும். கழுதையைப் பார்த்திராத நாய் குரைக்கும், குட்டியோடு நிற்கும் கழுதை உதைக்கும். வன்னி நிலத்தில் எருமைப் பட்டியும் அப்படித்தான். மனிதரைப் பார்த்துப் பேசாமல் நிற்கும் எருமை, நாயைக் கண்டால் கூட்டமாகத் திரும்பி வரும்.

சாப்பாட்டுக்கு ஏ9 வீதியோரக் கடைகள் போதும். முன்பக்கம் திறந்த கடைகளில் கூட நாயை உள்ளே கொண்டுபோகக் கேட்பது முறையல்ல. பார்சல் கட்டி மரநிழலில் இருந்து சாப்பிடுவதே சுகம். கிளிநொச்சியில் அம்மாச்சி உணவகத்தில் தோசையும் வடையும் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவார்கள். வெளியே நிழல் பிடித்துக்கொண்டு ஒருவர் போய் வாங்கிவரலாம். ‘ஐந்து நிமிடம்தானே’ என்று நாயை மட்டும் வாகனத்தில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடியைச் சற்றுத் திறந்துவிட்டாலும் உள்ளே அடுப்புத்தான்.

வளவுக்காரர் அன்பு மிகுதியால் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைச் சீசருக்கு வைப்பார். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, குழம்பில் அது நிறைய இருக்கும். மீன் முள் வேறு. ‘அம்மா, இதற்கு வயிறு சரியில்லை, டொக்டர் சொன்ன சாப்பாடு மட்டும்தான்’ என்று சொல்லுங்கள். பொய்தான், ஆனால் யாரையும் நோகடிக்காத பொய். எருமைத் தயிர் கொஞ்சம் வைத்தால் மறுக்க வேண்டாம்.

இரவைப் பற்றி. நாயை வெளியே நீளச் சங்கிலியில் கட்டிவிட்டு நீங்கள் கூடாரத்துக்குள் தூங்கக்கூடாது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடியிருப்புக்குள் வந்த சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியதும், ஊரார் அதை அடித்துக் கொன்றதும் செய்தியாக வந்தது நினைவிருக்கலாம். சீசர் உங்களோடு கூடாரத்துக்குள், அல்லது வீட்டு விறாந்தையில் படுக்கட்டும். யானை விஷயம் வேறு. நாய் யானையைக் கண்டால் குரைத்துக்கொண்டு ஓடும், யானை திருப்பித் துரத்தும், நாய் பாதுகாப்புத் தேடி நேரே உங்களிடம் வரும். இதில் யானை யாரிடம் வந்து சேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டியபின் மூத்திரம் விட நாயைக் கொண்டுபோவதும் வளவுக்குள்தான். மின்வேலி உள்ள ஊரானால் வேலி எங்கே ஓடுகிறது என்று பகலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுத்தால் கரடியும் இறங்கும். நீங்கள் சித்திரையில் வருவதால் அந்தத் தொல்லை குறைவு.

சித்திரையில் வேறு ஒரு தொல்லை கூடுதல். புத்தாண்டுக்குச் சீனவெடி கொளுத்துவார்கள். காட்டோர ஊர்களில் இரவில் யானையை விரட்ட யானைவெடியும் போடுவார்கள். அதன் சத்தம் நெஞ்சை அடைக்கும். பின்னேரங்களில் இடிமழையும் வரும். சத்தத்துக்கு மிரண்டு பட்டியை அறுத்துக்கொண்டு ஓடும் நாயை வெள்ளவத்தையில் தேடிப் பிடிக்கலாம், முன்பின் தெரியாத பற்றைக்காட்டில் எப்படித் தேடுவது? கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணைத் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்துக் கட்டுங்கள். முடிந்தால் புத்தாண்டு நாளையும் அதற்கு முதல் நாளையும் விட்டு, பிந்தி வாருங்கள்.

உண்ணிக்கு வருமுன்பே கால்நடை வைத்தியரிடம் மாத்திரையோ சொட்டு மருந்தோ கேட்டு வாங்குங்கள். மாடு மேயும் தரையெல்லாம் உண்ணிதான். தினமும் மாலையில் காதுமடல், கழுத்துப் பட்டியின் அடி, கால்விரல் இடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்; நெருஞ்சி முள்ளும் நாயுருவி விதையும் அந்த இடுக்கில்தான் ஏறும். பாம்புகளில் புடையனும் சுருட்டையும் நாய்க்கு எமன். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாகனத்தில் ஏற்றுங்கள். பிரதேசந்தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் உண்டு. ஆனால் அங்கே மாட்டு வேலைதான் அதிகம், வைத்தியர் வெளியே பண்ணைக்குப் போயிருக்கவும் கூடும், விடுமுறை நாளில் பூட்டியிருக்கவும் கூடும். ஆகவே கிளம்புமுன்பே தங்கப்போகும் இடத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தின் எண்ணையும், வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றின் எண்ணையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும். சீசர் விளையாட்டாக ஒரு பிள்ளையைக் கீறிவிட்டால்கூட, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அட்டையைக் காட்டுவதும் உங்கள் பொறுப்பு.

பஸ் கேள்விக்கு வருகிறேன். லாப்ரடோர் அளவு நாயோடு ஏ9 வீதியில் பஸ்ஸை மறித்தால் நடத்துநர் ஏற்றமாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, விடுமுறைக் காலத்தில் ஆட்களுக்கே நிற்க இடம் இருக்காது. சொந்த வாகனம் இல்லாவிட்டால் வாடகை வாகனம்தான். பேசும்போதே நாய் வருகிறது என்று சொல்லி, இருக்கைக்கு விரிக்க உங்கள் துணியையே கொண்டுபோகிறோம் என்றும் சொல்லுங்கள். சொல்லாமல் கொண்டுபோனால் சாரதி இருக்கை கழுவும் காசைக் கடைசியில் கேட்பார். கொழும்பிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வவுனியாவைத் தாண்டிவிடலாம். வவுனியாவுக்கு அப்பால் உள்ளூரில் ஓட வேண்டியிருந்தால் ‘பட்டா’ என்று சொல்லும் சிறு லொறிக்காரரைப் பிடியுங்கள். ஆடு மாடு ஏற்றிப் பழகியவர்கள், நாயைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள். பின்பெட்டியில் சீசரைத் தனியே விடாமல் உங்களில் ஒருவர் கூட ஏறிக்கொள்ளுங்கள். மேலே தறப்பாள் கட்டச் சொல்லுங்கள்.